கறுப்பு மேலங்கியும் வெள்ளைக் கைப்பட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் பிரான்சு தேசத்தில் எடுக்கப்பெற்ற பாடசாலைப் புகைப்படங்கள் எண்ணிறந்தன இன்றும் எஞ்சியுள்ளன. ஊர் ஊராகச் சென்ற புகைப்படக்காரர் பாடசாலை முற்றத்தில் வாங்குகளைப் படிகள்போல் அடுக்கி, முப்பது நாற்பது சிறுவர்களை வரிசை வரிசையாக நிறுத்தினர். முன்வரிசைச் சிறுவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தில் அமர்ந்திருப்பர். தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். பலருடைய உடலைக் கழுத்திலிருந்து முழங்கால் வரையிற் கறுப்பு மேலங்கி ஒன்று மூடியிருக்கும். அசையாதே என்று சொல்லியும் அசைந்துவிட்ட ஒரு சிறுவனின் முகம் மட்டும் புகைபோல் மங்கித் தோன்றும்.

இத்தகைய படமொன்றைக் கையில் எடுத்து, இது அரசாங்கப் பாடசாலையா, கத்தோலிக்கப் பாடசாலையா என்று ஒருவர் வினவினால், சிறுவரின் உடையைக் கொண்டு விடை சொல்லுதல் பெரும்பாலும் இயலாது. வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியரையே நோக்குதல் வேண்டும். அவர் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து மீசை முறுக்கியிருந்தால் அது குடியரசின் பாடசாலை. நீண்ட கறுப்பு அங்கியும், கழுத்தின் கீழே இரண்டு துண்டுகளாகத் தொங்கும் வெள்ளைப் பட்டையும் அணிந்திருந்தால் அது அருட்சகோதரர்களின் பாடசாலை. ஆனால் 1904 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எடுத்த படமாயின் அந்த அடையாளமும் உறுதியன்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தாலன்றி, அக்காலத்துப் பிரெஞ்சு மாணவன் உடுத்த உடையின் பொருள் விளங்காது.

பிரான்சிற் கல்வி யார் கையில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றிய போராட்டம் ஒரு நூற்றாண்டுக் காலம் நீடித்தது. 1850 ஆம் ஆண்டின் பலூச் சட்டம் திருச்சபைக்கு உயர்தரப் பாடசாலைகளை நடத்தும் உரிமையை விரிவாக அளித்தது. முப்பது ஆண்டுகளின் பின்னர் காற்று மாறி வீசிற்று. ஜூல் பெரி என்னும் அமைச்சர் 1881 இல் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளில் இலவசக் கல்வியை ஏற்படுத்தினார். 1882 இல் ஆறு வயது முதற் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் கல்வியைக் கட்டாயமாக்கி, அரசாங்கப் பாடசாலையிலிருந்து சமய பாடத்தை நீக்கினார். ஞானோபதேசம் படிக்க விரும்புவோர் பாடசாலைக்கு வெளியே படிக்கட்டும் என்று வாரத்தில் ஒரு நாள் விடுமுறை ஒதுக்கப்பட்டது. அது வியாழக்கிழமை. 1972 இல் அவ்விடுமுறை புதன்கிழமைக்கு மாற்றப்படும் வரையிற் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு வியாழன் என்ற சொல்லே மகிழ்ச்சியைக் குறித்தது. 1886 இல் வந்த மற்றொரு சட்டம், அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிப்போர் துறவிகளாக இருத்தலாகாது என்று விதித்தது.

கத்தோலிக்கர் தம் சொந்தப் பணத்தில் நடத்திய பாடசாலைகள் 'சுதந்திரப் பாடசாலைகள்' எனப்பட்டன. ஒரே ஊரில் இரண்டு பாடசாலைகள், தெருவின் இருபுறமும் எதிரெதிரே நின்றன. ஒருபுறத்தார் மறுபுறத்தைக் 'கடவுளில்லாப் பள்ளி' என்றனர். மறுபுறத்தார் இவர்களைக் குருமாரின் கைப்பிள்ளைகள் என்றனர். சிறுவர்களுக்கு இந்தச் சண்டை மிகவும் உவப்பாயிருந்தது. பாடசாலை விட்டதும் கல்லெறிய ஒரு நியாயம் கிடைத்துவிட்டதன்றோ!

சுதந்திரப் பாடசாலைகளில் எளிய மக்களிடையே மிகப் பரவியிருந்தவை கிறித்தவப் பாடசாலைச் சகோதரர் சபையினுடையவை. ரீம்ஸ் நகரத்திற் 1651 இற் பிறந்த ஜோன் பப்டிஸ்ட் டி லா சால் என்னும் குருவானவர் நிறுவிய சபை அது. கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள புனித பெனடிக்ற் கல்லூரியை அறிந்தோருக்கு இச்சகோதரர்கள் புதியவரல்லர். டி லா சால் தம் ஆசிரியர்களுக்கு வகுத்த உடை அக்காலத்தில் எவரும் உடுக்காத ஒன்றாயிருந்தது. முரட்டுக் கம்பளித் துணியிற் கறுப்பு அங்கி. பொத்தானுக்குப் பதிலாக இரும்புக் கொளுக்கிகள். மேலே, ரீம்ஸ் நகரைச் சூழ்ந்த ஷாம்பாஞ் மாகாணத்துக் குடியானவர் குளிருக்கு அணியும் பெரும் போர்வைச் சட்டை. அப்போர்வைச் சட்டையின் கைகளை நுழைக்காமல் தோளிலிருந்து தொங்கவிடுவது வழக்கமாதலின், 'நான்கு கைச் சகோதரர்' என்று தெருவில் அவர்களுக்குப் பெயர் வந்தது. இந்த உடையை விட்டுக் குருமாரின் உடையை அணியுமாறு வற்புறுத்தப்பட்டபோது, டி லா சால் 1690 ஆம் ஆண்டளவில் உடையைப் பற்றியே ஒரு விண்ணப்பம் எழுதினார். தம்முடைய ஆசிரியர் குருமாருமல்லர், உலகத்தாருமல்லர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதொன்றே அவர் தொழில். உடை அதைக் காட்டவேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவன் தன் துணியினாலே தன் கடமையை அறிகின்றான் என்று நம்பிய மனிதர் அவர்.

1900 ஆம் ஆண்டில் உரோமாபுரி அவரைப் புனிதராக உயர்த்திற்று. நான்கே ஆண்டுகளிற் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அவருடைய சபையின் பள்ளிக்கூடங்களை மூடச் சட்டம் செய்தது.

அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் எமில் கோம்ப். இளமையிற் குருமடத்திற் படித்து, பட்டம் பெற்று, பின்பு நம்பிக்கை இழந்து வைத்தியரானவர். 1902 இற் பிரதம அமைச்சரானதும், 1901 ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தைக் கொண்டு அனுமதி பெறாத துறவியர் பாடசாலைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை மூடுவித்தார். 1904 ஜூலை 7 ஆந் தேதிச் சட்டம் அதற்கும் அப்பாற் சென்றது. அனுமதி பெற்ற சபைகளும் இனிக் கற்பித்தலாகாது. பத்து ஆண்டுகளுக்குள் அவற்றின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்படவேண்டும் என்றது. 1905 டிசம்பரில் அரசும் திருச்சபையும் பிரிக்கப்பட்டன.

அந்தப் பிரிவினைச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, குருமார் தெருவில் நீளங்கி அணிதலையே தடைசெய்யவேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். 1900 இற் பாரிசுக்கு அருகிலுள்ள கிரெம்ளின்-பிசெத்திர் ஊரின் நகர முதல்வர் அவ்வாறான கட்டளையொன்றை ஏற்கெனவே பிறப்பித்து நாடெங்கும் நகைப்புக்கு இடமாயிருந்தார். சட்டத்தை வரைந்த அரிஸ்தீது பிரியான் இத்திருத்தத்தை மறுத்தார். நீளங்கியை நாம் தடுத்தால், குருமாரும் தையற்காரரும் கூடி வேறோர் உடையைக் கண்டுபிடிப்பர். சபை கேலிக்கு உள்ளாகும் என்று அவர் வாதித்தார். திருத்தம் தோற்றது. பிரெஞ்சு அரசியலில் இத்துணை நிதானமான பேச்சு அந்த ஆண்டுகளில் அரிதாகவே கேட்டது.

ஆயினும் வகுப்பறையில் நிகழ்ந்தது வேறு. கற்பிக்க விரும்பிய சகோதரர் தாம் சபையை விட்டு நீங்கியதாகக் காட்டவேண்டியிருந்தது. கண்ணுக்குப் புலப்படும் முதற் சான்று அங்கியைக் களைதலே. விடுமுறை கழிந்து பாடசாலைக்கு வந்த சிறுவர் அதே அறையில், அதே மேசையின் பின்னால், அதே மனிதரைக் கண்டனர். ஆனால் அவர் கடையில் வாங்கிய கோட்டும், அளவு பொருந்தாத காற்சட்டையும் அணிந்து நின்றார். இருபது ஆண்டுகள் அங்கியன்றி வேறு உடுத்தறியாதவர்க்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரிந்திராது. இது போலியான நீங்குதல் என்று வழக்குகளும் தொடுக்கப்பட்டன. அங்கியைக் களைய மனம் ஒவ்வாத பல்லாயிரவர் பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, ஸ்பெயின், கனடா எனப் பல தேசங்களுக்குப் புறப்பட்டனர்.

இங்கே ஒன்று கவனித்தற்குரியது. போர்தோ நகரில் 1817 இல் தோன்றிய மரியனிஸ்ற் சபையின் சகோதரர் துறவற அங்கி அணிந்தவரே அல்லர். தொடக்கத்திலிருந்தே அவர்களுடைய உடை சாதாரணக் கறுப்புக் கோட்டு. அவர்களும் 1903 இல் வெளியேற்றப்பட்டனர். ஆகவே அரசாங்கம் அஞ்சியது அங்கியை அன்று. அங்கியில்லாதிருந்தும் மாணவர் உள்ளத்தைப் பிடிக்க வல்ல ஒரு சபையை. இந்தச் சான்று, அங்கிச் சண்டையை வெறும் துணிச் சண்டையாக எண்ணுவோர்க்குப் போதிய மறுமொழி.

இனிச் சிறுவரிடம் திரும்புவோம்.

பிரான்சின் ஆரம்பப் பாடசாலைகளுக்குத் தேசிய சீருடை என ஒன்றை எந்தச் சட்டமும் விதித்ததில்லை. கறுப்பு மேலங்கி சட்டத்தினால் வந்ததன்று, மையினால் வந்தது. மாணவர் வாங்கின் மேற்பலகையில் ஒரு துளை. துளையில் வெள்ளைப் பீங்கான் மைக்கூடு. அதில் ஊதா நிற மை. பொடியை நீரிற் கரைத்து, நீண்ட மூக்குள்ள பாத்திரத்தாற் கூடுகளை நிரப்புதல் மாணவர் முறைவைத்துச் செய்யும் பணி. எழுதுகோல் மரக்காம்பும் எஃகு முனையும் கொண்டது. பூலோன் துறைமுக நகரிற் செய்யப்பட்ட 'சார்ஜன் மேஜர்' என்னும் முனை நாடெங்கும் வழங்கிற்று. மேலே ஏறும் கோடு மெல்லியதாகவும் கீழே இறங்கும் கோடு தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அம்முனையை அழுத்தும்போது மை தெறியாதிருக்குமா? விரல், கன்னம், கை, நெஞ்சு எல்லாம் ஊதா. ஒரு குடும்பத்திற் சிறுவனுக்கு ஒரே நல்ல உடை இருந்த காலம் அது. அவ்வுடையைக் காக்கத் தாய் அதன்மேல் மலிவான பருத்தி மேலங்கியை இட்டாள். அது கறுப்பாயிருந்தது மை தெரியாதிருக்கவே. சாம்பல் நிறமும் கருநீலமும் சில இடங்களில் வழங்கின.

சிறு பிள்ளைகளின் மேலங்கிக்குப் பொத்தான்கள் முதுகுப்புறத்தில் இருந்தன. முன்புறம் மடிப்பும் பிளவும் இன்றி மூடியிருந்தமையால் உள்ளே மை புகாது. ஆனால் தன் உடையைத் தானே அணியப் பிள்ளையால் இயலாது. காலையில் தாயோ தமக்கையோ பூட்டவேண்டும். பாடசாலையில் அவிழ்ந்தால் பின்வாங்குத் தோழன் பூட்டவேண்டும். பின்வாங்குத் தோழன் குறும்பனாயின் அவிழ்க்கவும் செய்வான். வளர்ந்த சிறுவர் பொத்தான் முன்புறத்தில் அல்லது தோளின் ஓரமாக அமைந்த மேலங்கியை அணிந்தனர். முதுகிலிருந்து மார்புக்குப் பொத்தான் இடம் மாறும் நாள் ஒரு சிறுவனுக்குச் சிறிய பட்டாபிஷேகம்.

பொத்தானின் அருமையை உணர்த்தும் நாவல் ஒன்று அக்காலத்திலேயே தோன்றிற்று. கிராமப் பள்ளி ஆசிரியராயிருந்த லூயி பெர்கோ 1912 இல் வெளியிட்ட 'பொத்தான் போர்' என்பதே அது. இரண்டு ஊர்ச் சிறுவர்கள் போர் புரிகின்றனர். பிடிபட்ட எதிரியின் பொத்தான்களையெல்லாம் அறுத்து வெற்றிப் பொருளாக எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பொத்தான் இழந்தவன் வீட்டுக்குப் போனால் அடி உறுதி. சிரித்துக்கொண்டே படிக்கும் கதையாயினும், ஒரு பொத்தான் ஏழைக் குடும்பத்துக்குச் செலவு என்ற உண்மை அதன் அடியில் இருக்கின்றது. பெர்கோ 1915 இற் போர்முனையில் மாண்டார்.

மேலங்கி செல்வர் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக்கிற்று என்று பிற்காலத்தவர் பலர் எழுதியுள்ளனர். இது பாதி உண்மை. மேலங்கி கிழிந்த சட்டையை மறைத்தது. ஆனால் கழுத்துக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் அதனால் எதையும் மறைக்க முடியவில்லை. கஞ்சியிட்ட வெள்ளைக் கழுத்துப்பட்டையும் பட்டு முடிச்சும் மேலே தெரிந்தால் அவன் வக்கீல் மகன். ஒன்றும் தெரியாவிட்டால் அவன் கூலிக்காரன் மகன். மேலங்கியும் எல்லாம் ஒன்றல்ல. புதிதின் கறுப்பு வேறு. மூன்று அண்ணன்மார் அணிந்து, துவைத்துத் துவைத்துப் பச்சை படிந்த கறுப்பு வேறு.

காலணியிலோ வேற்றுமை ஒளிவு மறைவின்றித் தெரிந்தது. நாட்டுப்புறச் சிறுவர் ஒரே மரத்துண்டிற் குடைந்த மரப்பாதுகை அணிந்தனர். மாரிக்காலத்தில் அதனுள் வைக்கோல் இட்டுக் கொள்வர். பல பாடசாலைகளில் அவற்றை வாயிலிற் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத் துணிச் செருப்புடன் உள்ளே செல்வர். பட்டினத்து எளியோர் 'கலோஷ்' எனப்படும், மேலே தோலும் அடியில் மரமும் உள்ள சப்பாத்து அணிந்தனர். முழுத்தோற் சப்பாத்து வசதியுள்ளோர்க்கே. கல் பாவிய தெருவிற் காலை வேளையில் எழும் மரச்சப்பாத்தின் ஓசையை, அக்காலத்தில் வளர்ந்தோர் முதுமையிலும் நினைவுகூர்ந்தனர்.

குளிருக்குக் கையில்லாத சுற்றுப் போர்வை, தலைமூடியுடன் கூடியது. இதனைப் 'பெல்ரீன்' என்றனர். புத்தகப் பையை முதுகிற் சுமந்து அதன்மேல் இதைப் போர்த்தால் சிறுவன் கூனன்போற் காட்சியளிப்பான், புத்தகம் நனையாது. தலையில் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்மறைப்புள்ள தொப்பி வழங்கிற்று. பிரெஞ்சுச் சிறுவன் என்றதும் உலகம் நினைக்கும் வட்டத் தொப்பியாகிய 'பெரே' பிரனீசு மலையடிவாரத்து இடையர்களுடையது. மலைப்படை வீரர் அதனை ஏற்றபின் புகழ் பெற்றது. பள்ளிச் சிறுவரிடையே அது எங்கும் பரவியது முதலாம் உலகப் போருக்குப் பின்னரே. ஆதலால் 1900 ஆம் ஆண்டுக் கதையைத் திரைப்படமாக்குவோர் எல்லாச் சிறுவர்க்கும் பெரே அணிவித்தல் பொருந்தாது. காற்சட்டை முழங்காலளவு, கீழே நீண்ட கம்பளி மேசு. முழுநீளக் காற்சட்டை அணிதல் பையன் பெரியவனானதற்கு அறிகுறி.

இதுவரை கூறியது பங்குப் பாடசாலையின் உடை. கத்தோலிக்கக் கல்வியில் இன்னொரு மாடி இருந்தது. யேசு சபையாரும் பிற குருமாரும் நடத்திய கல்லூரிகள் அவை. விடுதியிற் பிள்ளையை விட்டுப் பணம் செலுத்த வல்ல குடும்பங்களின் புதல்வர் அங்கே படித்தனர். அங்கே சீருடை உண்டு. அந்தச் சீருடையின் தகப்பன் நெப்போலியன். 1802 இல் அவன் அமைத்த அரசாங்க உயர் கல்லூரிகளில் மாணவர் சிப்பாய்கள்போல் உடுத்தனர், முரசொலிக்கு எழுந்தனர், முரசொலிக்கு உண்டனர். திருச்சபை நெப்போலியனின் கல்விக் கொள்கையை எத்துணை வெறுத்ததோ, அத்துணை விருப்புடன் அவனுடைய தையற்காரனை ஏற்றுக்கொண்டது. கருநீல மேற்சட்டை, கல்லூரியின் பெயரெழுத்துப் பொறித்த பித்தளைப் பொத்தான் வரிசை, இடைப்பட்டி, முன்மறைப்புள்ள இராணுவத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமையும் பெருவிழாவும் இதற்குரிய நாள்கள். வியாழக்கிழமை உலாவுக்கு இருவர் இருவராக வரிசையிற் சென்றபோது ஊரார் தொப்பியைக் கண்டே எந்தக் கல்லூரி என்று சொன்னார்கள். மற்ற நாள்களில் விடுதிக்குள் இவர்களும் மேலங்கியே அணிந்தனர். மை செல்வரையும் விட்டுவைப்பதில்லை.

விடுதியிற் சேரும் பிள்ளையின் வீட்டுக்கு ஓர் அட்டவணை அனுப்பப்படும். இத்தனை உட்சட்டை, இத்தனை கைக்குட்டை, இத்தனை இரவுத் தொப்பி, இத்தனை படுக்கை விரிப்பு என்று அது விரியும். ஒவ்வொரு துணியிலும் பிள்ளையின் எண் தைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கோடை விடுமுறையின் இறுதி நாள்களில் தாய்மார் விளக்கின் அருகே அமர்ந்து சிவப்பு நூலால் ஒரே எண்ணை நூறு முறை தைத்தனர். பிள்ளை வீட்டிற் பெயருடையவன். சலவைக் கூடத்தில் எண்ணுடையவன். தாயின் கையால் தைத்த அந்த எண்ணே விடுதியில் அவனுக்கு வீட்டின் அடையாளமுமாயிருந்தது.

1885 இற் பிறந்து 1952 இல் நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா மோரியாக், போர்தோவில் மரியனிஸ்ற் சபையாரின் கிராண்-லெப்ரன் கல்லூரியிற் படித்தவர். பிறிதொருவர் சார்ல்ஸ் டி கோல். அவருடைய கல்விப் பாதை மேற்கூறிய சட்டங்களின் வரைபடம் போன்றது. 1890 இற் பிறந்த அவர் ஆறு வயதிற் பாரிசிலே டி லா சால் சகோதரரின் பங்குப் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர் தந்தையார் ஆசிரியராயிருந்த வோஜிரார் வீதி யேசு சபைக் கல்லூரி. யேசு சபையார் பிரான்சிற் கற்பிக்க இயலாது போனபின், 1907 இல் எல்லையைக் கடந்து பெல்ஜியத்தின் அந்துவான் என்னும் ஊரில் அவர்கள் அமைத்த கல்லூரிக்குச் சென்றார். தன் தேசத்துக் கல்வியைப் பெறுவதற்காகப் பதினேழு வயதில் அயல்நாட்டு விடுதியில் தங்கிய அந்தப் பிள்ளை, இரண்டே ஆண்டுகளிற் பிரெஞ்சு இராணுவக் கல்லூரிக்குத் தெரிவானார். விமானியும் எழுத்தாளருமான செந்-எக்சுபெரி 1915 முதல் இரண்டு ஆண்டுகள் சுவிற்சர்லாந்தின் பிரிபூர் நகரில் மரியனிஸ்ற் சபையார் அமைத்த வில்லா சென்-ஜானிற் படித்ததும் இதே காரணத்தின் விளைவு. நாடு கடத்தப்பட்ட கல்லூரிகள் இவ்வாறு எல்லையின் மறுபுறத்தில் பிரெஞ்சுச் சிறுவரை வளர்த்தன.

கல்லூரிச் சீருடை நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தளரத் தொடங்கிற்று. அரசாங்கக் கல்லூரிகள் முதலிற் கைவிட்டன. கத்தோலிக்க விடுதிகள் சற்றுக் கூடிய காலம் வைத்திருந்தன. பின்னர் பெயரெழுத்துள்ள தொப்பி ஒன்றே எஞ்சிற்று.

கத்தோலிக்கச் சிறுவனைத் தெருவின் மறுபுறத்துச் சிறுவனிடமிருந்து உண்மையிற் பிரித்துக் காட்டிய உடை பாடசாலையில் அணிவதன்று. பீடத்தில் உதவும்போது அணியும் சிவப்பு நீளங்கியும் வெண்மேற்சட்டையும் ஒன்று. முதல் நன்மை நாளில் அணியும் உடை மற்றொன்று. ஆனால் இதிலும் எல்லை தெளிவாயில்லை. அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளிற் பெரும்பாலானோரும் வியாழக்கிழமை ஞானோபதேசம் படித்து முதல் நன்மை பெற்றனர். குருவானவரைத் திட்டும் தந்தையும் மகனுடைய முதல் நன்மை விருந்துக்கு உறவினரை அழைத்தார்.

பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதில் நடைபெறும் அவ்விழாவில், பெண் பிள்ளைகள் மணப்பெண்போல் வெண்ணிறம் உடுத்தனர். ஆண் பிள்ளைகளுக்குக் கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டை, வெள்ளைக் கையுறை. ஆங்கிலேயரின் ஈற்றன் கல்லூரி மாணவர் அக்காலத்தில் அணிந்த குட்டைக் கோட்டு இதற்கு மாதிரியாயிற்று. இங்கிலாந்தை ஐயத்துடன் நோக்கிய குடும்பங்களும் அதன் கோட்டை விரும்பி வாங்கின. இடக்கையில் வெண்பட்டிலே, நுனியிற் குஞ்சம் தொங்கும் கைப்பட்டி. கையில் நீண்ட மெழுகுதிரி, செபப் புத்தகம், செபமாலை. பாரிசின் பொன் மார்ஷே, பெல் ஜார்தினியேர் முதலிய பெருங்கடைகள் இவ்வுடைகளைப் படத்துடன் விளம்பரம் செய்தன. அன்று எடுத்த புகைப்படம் சுவரில் தொங்கிற்று. கைப்பட்டி அலுமாரியில் வாழ்நாள் முழுதும் இருந்தது.

இந்த ஒரு நாளில் மேலங்கி காக்கும் மறைவு நீங்கிவிடுகின்றது. ஆண்டு முழுவதும் கறுப்புத் துணியின் கீழ் ஒளிந்திருந்த வறுமையும் செல்வமும் கோயில் நடுவே வரிசையாக நடந்து வந்தன. ஒருவனுடைய கைப்பட்டியிற் பொன்னிழையால் பூசைக் கிண்ணம் பின்னப்பட்டிருக்கும். மற்றவனுடையது வெறும் நாடா. சிலர் கடன் பட்டுத் தைத்தனர். சிலர் அண்ணன் உடையைக் குறுக்கினர். இயலாதோர்க்குப் பங்குத் தரும சபையார் உடை கொடுத்தனர். அப்படிக் கொடுத்த உடை இன்னது என்று ஊரில் யாவரும் அறிவர். எல்லாரும் ஒரே அப்பத்தைப் பெறும் பந்திக்கு இவ்வாறு வேறுபட்ட கோலத்தில் வருதல் பொருந்துமா என்று குருமாரிற் சிலரே மனம் வருந்தினர். 1910 இற் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், புத்தி விவரம் தெரியும் ஏழு வயதளவிலேயே நன்மை கொடுக்கலாம் என்று கட்டளையிட்டபோது, ஆடம்பரம் குறையும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். ஏழு வயதில் எளிய முறையில் நன்மை பெற்ற பிள்ளை, பன்னிரண்டாம் வயதிற் 'பெரிய நன்மை' என்று அதே கோட்டையும் கைப்பட்டியையும் அணிந்தான். குடும்பங்கள் விழாவை விடச் சம்மதிக்கவில்லை.

1914 ஆகஸ்டிற் போர் மூண்டது. ஆகஸ்டு 2 ஆந் தேதியே துறவியருக்கெதிரான சட்டங்களின் நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டது. நாடு கடந்திருந்த துறவிகள் பல தேசங்களிலிருந்தும் திரும்பிச் சிப்பாய் உடை அணிந்தனர். அங்கியைக் களையமாட்டேம் என்று நாட்டை விட்டுச் சென்றவர், நாட்டுக்காக அதனைக் களைந்தனர். 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு வீரர் மாண்ட அப்போரின் ஆண்டுகளில் எடுத்த வகுப்புப் புகைப்படங்களிற் புதிய அடையாளம் ஒன்று தோன்றுகின்றது: சிறுவர் சிலரின் கையிற் கறுப்புத் துக்கப்பட்டி. தெருவின் இருபுறத்துப் பாடசாலைகளிலும் அது ஒன்றுபோலவே இருந்தது. 1924 இல் எரியோ அரசாங்கம் பழைய சட்டங்களை மீண்டும் நடத்த முனைந்தபோது, போர்ப் பதக்கம் அணிந்த துறவிகள் போகமாட்டோம் என்றனர். அவர்களை அனுப்ப எவருக்கும் துணிவு வரவில்லை. 1904 ஆம் ஆண்டுச் சட்டம் 1940 இல் நீக்கப்பட்டது. 1959 இன் தெப்ரே சட்டம், அரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசே வழங்க வழி செய்தது. துறவற அங்கி ஆசிரியரைப் பற்றி 1904 இல் எழுந்த வாதம், சரியாக நூறு ஆண்டுகளின் பின் 2004 இல், அரசாங்கப் பாடசாலை மாணவர் வெளிப்படையான சமயச் சின்னம் அணிதலாகாது என்ற சட்டத்தின்போது வேறு உருவில் மீண்டும் எழுந்தது. இம்முறை அது ஆசிரியரை விட்டுப் பிள்ளையின் உடைக்கு வந்துவிட்டது.

முதல் நன்மை உடையின் வேற்றுமையை நீக்கியவை பங்குகளே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிறப்பாக 1950 ஆம் ஆண்டுகளில், ஆண்களும் பெண்களும் ஒரே வகையான எளிய வெண்ணங்கி அணியும் வழக்கம் பரவிற்று. பல பங்குகள் அதனை வாடகைக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றன. பட்டுக் கைப்பட்டி கடைகளிலிருந்து மறைந்தது.

கறுப்பு மேலங்கியை எவரும் ஒழிக்கவில்லை. 1965 செப்டெம்பரிற் கல்வி அமைச்சு, குமிழ்முனைப் பேனையால் மாணவர் எழுதலாம் என்று அனுமதித்தது. மைக்கூடுகள் வாங்குகளிலிருந்து எடுக்கப்பட்டன. துளைகள் வெறுமையாய் நின்றன. 1968 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், எஞ்சியிருந்த மேலங்கிகளையும் ஆணியில் மாட்டிவிட்டுப் பிள்ளைகள் சட்டையுடன் வகுப்பில் அமர்ந்தனர், தெருவின் இருபுறத்திலும்.